மெழுகு தேச்சு வாட்டர்கலர்ல பூ வரையறது எப்படி: முதல் தடவை உக்கார்றவங்களுக்கு

வெள்ளை பேப்பர்ல மெழுகுவர்த்திய தேச்சுட்டு மேல வாட்டர்கலர் அடிச்சா, மெழுகு பட்ட எடத்துல கலர் ஒட்டாம தாமரை இலைத் தண்ணி மாதிரி உருண்டு ஓடிரும், அடிப்படை அவ்ளோதான். ஸ்கூல்ல நிறைய பேர் பண்ணிருப்பீங்க. ஆனா ஒரு பூவ பூவாத் தெரியுற மாதிரி கொண்டு வரணும்னு உக்காந்தா அது வேற கதை. வீடியோல எல்லாம் கலர் ஊத்தி மெழுகுக் கோடு பளிச்சுனு வெளிய வர்ற எடத்தை மட்டும் காட்டுவாங்க, எந்த பேப்பர், எவ்ளோ நேரம் காயணும், எதை முதல்ல தேய்க்கணும்னு ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க. அதெல்லாம் முட்டி மோதித்தான் தெரிஞ்சுக்க வேண்டியிருந்துச்சு, அதான் வரிசையா எழுதிடறேன்.

ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லிடறேன். மெழுகு வச்சா வச்சதுதான். மாஸ்கிங் ஃப்ளூயிட்னு ரப்பர் பால் மாதிரி ஒரு திரவம் இருக்கு, அதுன்னா காஞ்சதும் உரிச்சு எடுத்துட்டு அந்த எடத்துல மறுபடி கலர் அடிச்சுக்கலாம், மெழுகுல அந்த பேச்சே இல்ல, அதுக்கடியில என்ன நிறம் இருந்துச்சோ அதுதான் கடைசி வரைக்கும். அதனால கடைசியில எது வெள்ளையா நிக்கணும், எது வெளிர் நிறமா நிக்கணும்னு முதல்லயே முடிவு பண்ணிட்டுத்தான் மெழுகை கையில எடுக்கணும். கீழ சொல்ற எல்லா ஸ்டெப்பும் இதை வச்சுத்தான்.

1. கடையில லேபிள் படிங்க

பேப்பர் பாக்கெட் மேல மூணு விஷயம் பாருங்க. 300 ஜிஎஸ்எம் (பேப்பரோட எடைக் கணக்கு, கூடக்கூட தடிமன்), கோல்ட் பிரஸ்டு, ஆசிட் ஃப்ரீ (அமிலம் இல்லாதது). 300-க்குக் கம்மியா வாங்கினா தண்ணி பட்டதும் அப்பளமா வளைஞ்சு கலர் எல்லாம் பள்ளத்துல போய் தேங்கிரும். சாதா டிராயிங் நோட்டு பேப்பர் வேண்டவே வேண்டாம், ரெண்டாவது வாஷ்லயே (தண்ணியா கரைச்ச கலரை அகலமா இழுக்கறதுதான் வாஷ்) மேல்பரப்பு திரிதிரியா வந்துரும்.

கோல்ட் பிரஸ்டு பேப்பர்ல லேசா சொரசொரப்பு இருக்கும். மெழுகை மெதுவா தேச்சா அது மேடுல மட்டும் ஒட்டும், பள்ளத்துல கலர் இறங்கிரும், அதனால புள்ளி புள்ளியா ஒரு டெக்ஸ்ச்சர் கிடைக்கும். அழுத்தி ரெண்டு மூணு தடவை தேச்சா பள்ளமும் அடைஞ்சு முழு வெள்ளை கிடைக்கும். ரெண்டுமே நமக்கு வேணும். ஹாட் பிரஸ்டுனு வழவழன்னு ஒரு பேப்பர் விக்கறாங்க, அதுல கோடு கூர்மையா வரும், ஆனா வாஷ் சமமா அடிக்கறது புதுசா ஆரம்பிக்கறவங்களுக்குக் கஷ்டம்.

நூறு பர்சென்ட் காட்டன் பேப்பர் இப்போதைக்கு வேண்டாம், மரக்கூழ்ல பண்ற செல்லுலோஸ் பேப்பரே போதும். பழக்கத்துக்கு நாலு பூ வரைஞ்சு கிழிச்சுப் போட மனசு வரணும்ல, விலை கூடின பேப்பர்ல அது வராது.

கலர் ட்யூப்லயும் லேபிள் பாருங்க. நல்ல கம்பெனி ட்யூப்னா பிவி 19, பிபி 15 இப்படி ஒரு பிக்மென்ட் நம்பர், அதாவது நிறப்பொருளோட குறியீடு, இருக்கும். பிவி 19 ரோஸ் குடும்பம், பூவுக்கு அதை விட நல்ல கலர் கிடையாது. பிஆர் 83 போட்டிருந்தா அது அசல் அலிசரின் கிரிம்ஸன், பாக்க அவ்ளோ அழகா இருக்கும், ஆனா வெளிச்சத்துல வெளுத்துரும், சுவத்துல மாட்டற படத்துக்கு ஆகாது. ஸ்டூடண்ட் செட்ல நம்பர் இல்லைன்னாலும் பழக்கத்துக்கு ஓகே.

போஸ்டர் கலரும் அக்ரிலிக்கும் இதுக்கு ஒத்து வராது. கெட்டியா இருக்கறதால மெழுகு மேலயே உக்காந்து மூடிரும். அப்புறம் மெழுகு சரியில்லைன்னு மெழுகைத் திட்டிட்டு இருப்பீங்க.

2. எவ்ளோ ஆகும்

கடைக்குக் கடை மாறும், ஒரு குத்துமதிப்புக்கு சொல்றேன். 300 ஜிஎஸ்எம் செல்லுலோஸ் பேப்பர் ஏ4 பாக்கெட் 200-லருந்து 400 ரூபா. கேமல் மாதிரி ஸ்டூடண்ட் ட்யூப் செட் 12 கலர் 150-லருந்து 250. சிந்தெடிக் ரவுண்ட் பிரஷ் 6-ம் நம்பர் ஒண்ணு, 10-ம் நம்பர் ஒண்ணு, பின்னணிக்கு ஒரு இன்ச் ஃப்ளாட் ஒண்ணு, எல்லாம் சேத்து 300 பக்கம். மாஸ்கிங் டேப் 40, 50. மெழுகுவர்த்திக்கு செலவே கிடையாது, கரண்ட் போனா ஏத்தறதுக்கு வச்சிருப்பீங்கல்ல, அந்த சாதா வெள்ளை மெழுகுவர்த்தி போதும். மெல்லிசு கோட்டுக்கு வெள்ளை க்ரேயான் ஒண்ணு வேணும், அது மட்டும் தனியா தர மாட்டாங்க, பாக்கெட்டாத்தான் வாங்கணும், 30, 40 ரூபா, மிச்சத்தை வீட்டுப் பசங்க கிட்ட குடுத்துருங்க. ஆக ஆயிரம் ரூபா பக்கத்துல முடிச்சுரலாம். சென்னையில இருக்கறவங்க பாரிமுனை மொத்தக் கடைப் பக்கம் போனா இன்னும் குறையும், ஆனா வண்டி நிறுத்த எடம் தேடற கஷ்டத்தையும் கணக்குல சேத்துக்கோங்க.

வாசனை மெழுகுவர்த்தி, கலர் மெழுகுவர்த்தி வேண்டாம், சாயம் பேப்பர்ல இறங்கலாம். க்ரேயான்லயும் ரொம்ப மலிவானதுல மெழுகை விட சுண்ணாம்புத் தூள் மாதிரி சமாச்சாரம்தான் ஜாஸ்தி, அது கலரைத் தள்ளாது. வாங்கினதும் ஒரு துண்டு பேப்பர்ல அழுத்தி தேச்சு மேல கலர் தண்ணி ஒரு இழு இழுங்க. முத்து முத்தா உருண்டு நின்னா நல்ல சரக்கு.

3. எந்தப் பூ

முதல் பூவுக்கு என் ஓட்டு நந்தியாவட்டைக்கு. அடுக்கு வேண்டாம், ஒத்தை நந்தியாவட்டை. அஞ்சே இதழ், வெள்ளை, நடுவுல லேசா மஞ்சள், பின்னாடி கரும்பச்சை இலை. இதழெல்லாம் ஒரே பக்கமா காத்தாடி மாதிரி திரும்பியிருக்கும், ஓரம் லேசா நெளிஞ்சிருக்கும், அந்தத் திருப்பத்தைப் பிடிச்சுட்டீங்கன்னா யார் பாத்தாலும் நந்தியாவட்டைனு சொல்லிருவாங்க. வெள்ளைப் பூங்கறதால ஒரே மெழுகு ஒரே வாஷ்ல படம் முடிஞ்சுரும்.

அதுக்கப்புறம் செம்பருத்தி. ரோஜாவ இப்போதைக்குத் தொடாதீங்க, அத்தனை மடிப்பையும் மெழுகுக் கோட்டுல சொல்லப்போனா முட்டைக்கோஸ்தான் வரும்.

ஃபோட்டோ பாத்து வரையறத விட செடியிலருந்து ஒரு பூவ பறிச்சு தம்ளர் தண்ணியில வச்சுட்டு உக்காருங்க. செம்பருத்தின்னா காலையிலயே ஆரம்பிச்சுருங்க, சாயங்காலம் சுருங்கிரும்.

4. டேப், பென்சில், கை

பேப்பரை ஒரு வழவழப்பான பலகையில வச்சு நாலு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்க. பலகையில கீறல் இருந்தா மெழுகு தேய்க்கும்போது அந்தக் கீறலும் கோடா படத்துல வந்துரும், மெல்லிசு பேப்பர்ல ரொம்பவே தெரியும்.

பென்சில் கோடு எவ்ளோ லேசா முடியுமோ அவ்ளோ லேசா போடுங்க. ஏன்னா மெழுகுக்கு அடியில மாட்டின பென்சில் கோடு ரப்பருக்கு வராது, அப்படியே சீல் ஆயிரும். நந்தியாவட்டையோட வெள்ளை இதழுக்குள்ள கறுப்பா ஒரு கோடு கடைசி வரைக்கும் தெரிஞ்சுகிட்டே இருக்கும். வரைஞ்சு முடிச்சதும் ரப்பரை லேசா ஒத்தி எடுத்து, கண்ணுக்கு மங்கலா தெரியுற அளவுக்கு விட்டா போதும்.

அப்புறம் கை. இதை எந்த வீடியோலயும் சொல்லி நான் பாக்கல. தலைக்கு தேங்காண்ணெய் வச்ச கையோட, இல்ல சமையக்கட்டுலருந்து வந்த கையோட பேப்பரைத் தொட்டா அந்த எண்ணெயும் கலரைத் தள்ளும். பின்னணி வாஷ் அடிச்சதும் நடுவுல உங்க கட்டைவிரல் ரேகை வெளுப்பா எழும்பி நிக்கும், அழிக்க வழி கிடையாது. சோப்பு போட்டு கை கழுவி நல்லாத் தொடச்சுட்டு உக்காருங்க, உள்ளங்கைக்கு அடியில ஒரு துண்டு பேப்பர் போட்டுக்கோங்க.

5. மெழுகு தேய்க்கறது

மெழுகுவர்த்தியோட அடி முனைய பிளேடால சாய்வா சீவி ஒரு ஓரம் கொண்டு வாங்க. அகலமான இதழுக்கு அந்தத் தட்டைப் பக்கம், நரம்புக்கு ஓரம். ரொம்ப மெல்லிசு கோட்டுக்கு க்ரேயானை உளி மாதிரி சீவிக்கோங்க.

வெள்ளை பேப்பர்ல வெள்ளை மெழுகு, எங்க தேச்சோம்னே தெரியாது, எல்லாரும் திணர்ற எடம் இதுதான். ஜன்னல் பக்கமா உக்காந்து பேப்பரை கண் மட்டத்துக்குத் தூக்கி சாய்ச்சுப் பாருங்க, மெழுகு பட்ட எடம் மினுக்கும். ராத்திரின்னா டேபிள் லேம்ப்பை ஒரு பக்கமா தாழ்த்தி வச்சுக்கலாம். ஒவ்வொரு இதழ் முடிஞ்சதும் இப்படிப் பாத்துட்டு அடுத்ததுக்குப் போங்க.

நந்தியாவட்டைக்கு இதழ் முழுக்க மொழுகிராதீங்க. வெளி ஓரத்தை மட்டும் நல்லா அழுத்தி மூடுங்க, அங்கதான் பச்சை உள்ள வராம தடுக்கணும். உள்ள நடுவை நோக்கிப் போகப்போக அழுத்தத்தைக் குறைங்க. அப்பதான் கடைசியில லேசா சாம்பல் நீலம் தொட்டு நிழல் போட்டா பள்ளத்துல மட்டும் புள்ளியா இறங்கி இதழ் குழிஞ்ச மாதிரி தெரியும். முழுசா மூடிட்டா வெட்டி ஒட்டின வெள்ளைக் காயிதம் மாதிரித்தான் இருக்கும். நடுவுல அந்த மஞ்சள் வேணும்னா மெழுகுக்கு முன்னாடியே வெளிர் மஞ்சள் ஒரு சொட்டு வச்சு காய விட்டுருங்க.

தேய்க்கும்போது பொடிப்பொடியா மெழுகுத் துகள் விழும். கையால தட்டாதீங்க, காஞ்ச பிரஷ்ஷால தள்ளுங்க இல்ல ஊதுங்க. அது கைக்கு அடியில நசுங்கி ஒட்டிக்கிச்சுன்னா பின்னணியில வெள்ளைப் புள்ளியா நிக்கும். சிலர் அதை மகரந்தம்னு சமாளிப்பாங்க.

6. வாஷ்

கலரை முதல்லயே ஒரு சின்னக் கிண்ணத்துல தாராளமா கரைச்சு வச்சுக்கோங்க. பாதியில தீர்ந்து மறுபடி கலக்கினா அதே பச்சை வராது, நடுவுல ஒட்டுப் போட்ட மாதிரி ஆயிரும். கரும்பச்சைக்கு செட்ல இருக்கற சாப் கிரீன்ல கொஞ்சம் பிரஷியன் ப்ளூ, ஒரு துளி பர்ன்ட் சியன்னா. ட்யூப்லருந்து வர்ற பச்சையை அப்படியே அடிச்சா பிளாஸ்டிக் செடி மாதிரி இருக்கு, எனக்கு அது பிடிக்கறதே இல்ல. வாட்டர்கலர் காஞ்சா ஒரு ஷேடு வெளுக்கும், அதனால ஈரத்துல கொஞ்சம் ஜாஸ்தியா தெரியுற அளவுக்கு கரைங்க.

ஒரு இன்ச் பிரஷ்ஷை நல்லா முக்கி இதழோட மெழுகு ஓரத்து மேலயே தைரியமா இழுத்துட்டு போங்க, ஒரு எடத்துல ஒரு தடவை, ரெண்டு தடவை, அவ்ளோதான். பிரஷ் போன வழியில கலர் ஒரு நொடி எல்லாத்தையும் மூடின மாதிரி இருக்கும், அப்புறம் இதழ் ஓரத்துலருந்து பின்வாங்கி சொட்டு சொட்டா பிரியும், அஞ்சு இதழும் ஒவ்வொண்ணா வெளிய வரும். அந்த நேரத்துல வேடிக்கை பாருங்க, கை வைக்காதீங்க. பிரஷ்ஷால திரும்பத் திரும்ப உரசினா பேப்பரும் பிஞ்சு போகும், மெழுகு சரியா ஒட்டாத எடத்துல கலரும் உள்ள போயிரும்.

இதழ் மேல சொட்டா நிக்கற கலரை சுத்தமா எடுக்கணும்னா டிஷ்யூ முனைய முறுக்கி ஒவ்வொரு சொட்டா தொட்டு உறிஞ்சுங்க, தொடைக்காதீங்க. அப்படியே விட்டாலும் குட்டிக் குட்டிப் புள்ளியா காஞ்சு பனி விழுந்த மாதிரி நல்லாத்தான் இருக்கும். நான் பாதிய எடுத்துட்டு பாதிய விட்டுருவேன்.

இன்னொரு சிக்கல்: பிரஷ்ஷை சோப்பு போட்டு கழுவிட்டு சரியா அலசாம விட்டுருப்போம். சோப்பு கலந்த தண்ணி மெழுகு மேலயும் பரவும், சொட்டா பிரியாது, சவசவன்னு படிஞ்சுரும். மெழுகு வேலை செய்யலயேன்னு தோணுச்சுன்னா முதல்ல பிரஷ்ஷையும் தண்ணி டப்பாவையும் பாருங்க.

7. காய விடறது, நேரக் கணக்கு

ஹேர் டிரையரை எடுக்காதீங்க. சாதா வாட்டர்கலர்ல அது பெரிய உதவி, இங்க மெழுகு இளகி பேப்பருக்குள்ள இறங்கி பக்கத்துலயும் பரவிரும். ஃபேன் போதும். வெயில்லயும் வைக்க வேண்டாம்.

ஃபேனுக்கு அடியில வெயில் காலத்துல 20 நிமிஷம், மழைக்காலத்துல 45 நிமிஷத்துலருந்து ஒரு மணி நேரம்கூட ஆகும். காஞ்சுச்சான்னு பாக்க புறங்கையை லேசா வச்சுப் பாருங்க, ஜில்லுனு இருந்தா உள்ள ஈரம் இருக்கு. ஈரப் பேப்பர்ல மெழுகு பிடிக்கவே பிடிக்காது, தேச்ச மாதிரி இருக்கும், ஆனா அடுத்த வாஷ்ல எல்லாம் போயிரும்.

நந்தியாவட்டைக்கு பென்சில்லருந்து காயறது வரை ஒரு மணி, ஒண்ணரை மணி நேரம் வச்சுக்கோங்க. அடுத்து வர்ற செம்பருத்திக்கு அரை நாள் ஒதுக்குங்க, அதுல முக்கால்வாசி சும்மா உக்காந்து காயறதப் பாக்கற நேரம்தான்.

8. செம்பருத்தி, அடுக்கடுக்கா

ஒவ்வொரு நிறத்தையும் மெழுகால பூட்டிட்டு அதைவிட அழுத்தமான நிறத்துக்குப் போறதுதான் இதோட வேலை, உருக்கின மெழுகை வச்சு துணிக்கு சாயம் போடற பாத்திக்ல பண்றாங்களே அதே கணக்கு. ஆர்டரை பேப்பர் பின்பக்கம் பென்சில்ல எழுதி வச்சுக்கிட்டு ஆரம்பிங்க, நடுவுல கண்டிப்பா குழம்பும்.

முதல்ல பூவுக்குள்ள எல்லாம், நடுத்தண்டும் சேத்து, ரொம்ப வெளிர் மஞ்சள் வாஷ். காயட்டும். இப்ப அந்தத் தண்டு நுனியில இருக்கற மகரந்தப் பொட்டுகளை க்ரேயான் முனையால குத்திக் குத்தி வைங்க, தேய்க்கக் கூடாது, குத்தணும். செம்பருத்திய கிட்டத்துல வச்சுப் பாருங்க, தண்டோட மேல்பாதியில சுத்தி மெல்லிசு காம்பு காம்பா நீட்டிக்கிட்டு ஒவ்வொண்ணு நுனியிலயும் மஞ்சளா ஒரு பொட்டு, எல்லாத்துக்கும் மேல சிவப்பா அஞ்சு குட்டி உருண்டை. அந்த அஞ்சை மெழுகு வைக்காம விட்டுருங்க, கடைசியில சிவப்புல தொட்டுக்கலாம்.

அடுத்து இதழுக்கு வெளிர் ரோஸ், காயட்டும். இப்ப இதழ் நரம்பு. அடியிலருந்து விசிறி மாதிரி ஓரத்தை நோக்கி விரியும், ஓரத்துக்கிட்ட போகும்போது மெழுகைத் தூக்கிருங்க, கோடு தானா கரைஞ்ச மாதிரி முடியணும். எல்லா நரம்பையும் போடாதீங்க, ஒரு இதழுக்கு அஞ்சாறு போதும். இதழ் மடங்கி வெளிச்சம் படற ஓரத்துல ஒரு தேய்ப்பு.

அப்புறம் அழுத்தமான சிவப்பு. ரோஸ்ல கொஞ்சம் ஸ்கார்லெட் சேத்து தண்ணியா அடிங்க. இப்பதான் ரோஸ் நரம்பெல்லாம் சிவப்புக்கு நடுவுல எழும்பி வரும். ஈரம் இருக்கும்போதே இதழோட அடிப்பக்கம், தண்டைச் சுத்தி, கிரிம்ஸன்ல கொஞ்சம் நீலம் கலந்து ஒரு சொட்டு விட்டா அதுவே பரவிக்கும். நல்லா காஞ்சதும் இதழ் ஓரத்தை மெழுகால ஒரு சுத்து சுத்திட்டு பின்னணிப் பச்சை.

மூணு அடுக்குக்கு மேல போகாதீங்க. அதுக்கு மேல மெழுகு ஜாஸ்தியாகி புதுக் கலர் இறங்க எடமே இருக்காது, படம் அழுக்குப் பிடிச்ச மாதிரி ஆயிரும்.

பின்னணியில இலை நரம்பு வேணும்னா ஒரு குறுக்கு வழி. நரம்பு தடிச்ச இலையை பின்பக்கம் மேல தெரியுற மாதிரி பேப்பருக்கு அடியில வச்சு மேல மெழுகுவர்த்திய படுக்க வச்சு தேச்சா இலை அப்படியே வந்துரும். 300 ஜிஎஸ்எம்ல இது சரியா வராது, 120, 150 பேப்பர்ல தான் நடக்கும், அதனால சின்ன கார்டு பண்ணும்போது முயற்சி பண்ணுங்க.

9. மெழுகை உருக்கி பிரஷ்ல வரையலாமா

வரையலாம், கோடு பிரமாதமா ஓடும், ஆனா முதல் மாசத்துல வேண்டாம். சென்னை சோழமண்டல ஓவியர் கிராமத்துல ஆரம்பத்துல இருந்த கலைஞர்கள் இப்படி உருக்கின மெழுகாலதான் பாத்திக் பண்ணி வித்து செலவைச் சமாளிச்சாங்க, இந்த வேலைக்கு அந்தளவுக்கு கைப்பழக்கம் வேணும்.

பண்றதா இருந்தா மெழுகு டப்பாவை நேரா அடுப்புல வைக்காதீங்க. ஒரு பாத்திரத்துல தண்ணி கொதிக்க வச்சு அதுக்குள்ள டப்பாவை வைங்க, மெழுகு 60 டிகிரி பக்கத்துலயே உருகிரும், கொதிக்கத் தேவையில்ல. புகை வந்தா சூடு ஜாஸ்தி, அடுப்பை அணைங்க. தப்பித்தவறி தீ பிடிச்சா தண்ணி ஊத்தவே கூடாது, மூடி போட்டு மூடணும். குழந்தைங்க இருக்கற வீட்டுல அவங்க தூங்கினப்புறம் பண்ணுங்க. பிரஷ் ஒண்ணை இதுக்குன்னே பலி குடுக்கணும், அது திரும்ப வாட்டர்கலருக்கு ஆகாது. மெழுகை சாக்கடையில ஊத்தினா அடைச்சுக்கும், டப்பாவுலயே உறைய விட்டு அடுத்த தடவைக்கு வச்சுக்கோங்க.

10. முடிச்சப்புறம்

இஸ்திரி போட்டு மெழுகை எடுக்கணும்னு நிறைய பேர் சொல்வாங்க. கையால தேச்ச மெழுகுக்கு அது தேவையே இல்ல. இஸ்திரி வச்சா பாதி மெழுகு பேப்பருக்குள்ளயே இறங்கி பஜ்ஜி வச்ச காயிதம் கணக்கா எண்ணெய்க் கறை தெரியும், வெள்ளை மங்கிரும். உருக்கி ஊத்தி தடிப்பா நிக்குதுன்னா மட்டும் மழுங்கின கத்தியால மெதுவா சுரண்டிட்டு, மேலயும் கீழயும் அச்சடிக்காத வெள்ளைத்தாள் வச்சு, ஸ்டீம் இல்லாம கம்மி சூட்டுல ஒத்தி எடுங்க. நியூஸ்பேப்பர் வச்சா மையும் சேந்து ஒட்டிக்கும்.

டேப்பை முழுசா காஞ்சப்புறம் படத்துக்கு எதிர்ப்பக்கமா சாய்ச்சு மெதுவா உரிங்க.

ஸ்கேனர்ல வைக்காதீங்க, கண்ணாடியில மெழுகு ஒட்டும், ஜன்னல் வெளிச்சத்துல ஃபோட்டோ எடுங்க, நேரா எடுத்தா மெழுகு மினுக்கும், கொஞ்சம் எடத்தை மாத்தி மினுக்கல் போற கோணத்தைப் பிடிங்க. ஃப்ரேம் கடைக்காரர் கிட்ட படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவுல மவுண்ட் போர்டு (படத்தைச் சுத்தி வர்ற தடிச்ச அட்டை) கண்டிப்பா வேணும்னு சொல்லிருங்க, கண்ணாடி படத்தைத் தொடக் கூடாது, தொட்டா சூட்டுல மெழுகு ஒட்டி கண்ணாடியோட வந்துரும். ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி வைக்கறதுன்னா நடுவுல பட்டர் பேப்பர் போடுங்க. யாருக்காவது குடுக்க எடுத்துட்டு போறீங்கன்னா மே மாசத்துல மூடின கார் டேஷ்போர்டுல மட்டும் வச்சுட்டு எறங்கிராதீங்க.